சூனேமியாள் கட்டின சிறிய அறை



சென்ற மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாலிபத் தம்பி வந்து, "பாஸ்டர், ஜெபம் பண்ணுங்க. பெரிய வீடு ஒண்ணு பார்த்திருக்கேன். லோன் சாங்ஷன் ஆகணும்" என்றார். வயது முப்பது. கலியாணமாகி இரண்டு வருஷம். இப்போது இருப்பது மந்தைவெளியில் ஒரு பெட்ரூம் போர்ஷன். பார்த்திருப்பது வண்டலூர் தாண்டி மூன்று பெட்ரூம். "இப்ப இருக்கிற வீட்டுக்கு என்னப்பா குறை?" என்று கேட்டேன். "குறை ஒண்ணும் இல்ல ஐயா. சின்னதா இருக்கு, அவ்வளவுதான்" என்றார். நான் உடனே கண்ணை மூடி ஜெபிக்கவில்லை. "இந்த மாசப் பத்திரிகை வரட்டும், வாசிச்சிட்டு வாங்க, அப்புறம் சேர்ந்து ஜெபிப்போம்" என்று அனுப்பினேன். ஆகவே இந்தப் பாடம் முதலாவது அந்தத் தம்பிக்கு. பிறகு எனக்கும் உங்களுக்கும்.

தலைப்புக்கு முதலில் "சின்ன வீட்டின் நன்மைகள்" என்றுதான் எழுதி வைத்திருந்தேன். என் மனைவி வாசித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, சபைப் பத்திரிகையிலயா?" என்று சிரித்தாள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஆகவே சிறிய வீடு என்றே எழுதுகிறேன்.

வேதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2 இராஜாக்கள் 4-ம் அதிகாரம், 8 முதல் 10 வரை. சூனேமிலே ஒரு அம்மாள். வசதிக்குக் குறைவில்லாத குடும்பம். எலிசா தீர்க்கதரிசி அந்த வழியாய்ப் போகும்போதெல்லாம் அங்கே சாப்பிடுவார். அவருக்கு ஒரு இடம் ஏற்பாடு செய்யலாமே என்று புருஷனிடத்தில் கேட்கிறாள். அவள் நினைத்திருந்தால் மாளிகை கட்டியிருக்கலாம். மாடியில் ஒரு சிறிய அறையைத்தான் கட்டச் சொல்லுகிறாள். உள்ளே நாலே சாமான்: படுக்கக் கட்டில், ஒரு மேசை, உட்கார ஒரு ஆசனம், ஒரு விளக்கு. இதைக் கவனியுங்கள். தெருவிலே மற்றவர்கள் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை. வருகிற மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தாள். தூங்க வேண்டும், வாசிக்க வேண்டும், உட்கார வேண்டும், இருட்டில் வெளிச்சம் வேண்டும். அளவு அங்கே முடிந்துவிட்டது. நாமோ அளவை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவருகிறோம். ஆபீஸில் ஒருவர் வாங்கினார், மச்சான் வாங்கினார், நாமும் வாங்க வேண்டும் என்கிறோம்.

சாலொமோன் ஆலயத்தைக் கட்ட ஏழு வருஷம் எடுத்தான். தன் அரமனையைக் கட்டப் பதின்மூன்று வருஷம். 1 இராஜாக்கள் 6-ம் அதிகாரத்தின் கடைசியையும் 7-ன் தொடக்கத்தையும் சேர்த்து வாசித்தால்தான் இது கண்ணில் படும். நான் பல வருஷம் அதிகாரம் மாறும் இடத்தில் பைபிளை மூடிவிட்டுப் போயிருக்கிறேன்!

நான் மாலை வகுப்பில் வேதாகம டிப்ளமோ படித்தபோது, எங்கள் ஆசிரியர் கப்பர்நகூமின் வரைபடம் ஒன்றைப் பலகையில் வரைந்தார். 1968-ல் தொடங்கி பிரான்சிஸ்கன் துறவிகள் அங்கே தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். கிடைத்தவை கறுப்புக் கல்லால் கட்டின சிறுசிறு அறைகள். நடுவிலே ஒரு முற்றம். சுற்றிலும் உறவுக் குடும்பங்கள். அடுப்பு முற்றத்திலே, பொதுவிலே. கூரை மரக்கிளையும் மண்ணும். திமிர்வாதக்காரனை இறக்கினவர்கள் பிரித்தது இப்படிப்பட்ட கூரையைத்தான் என்று ஆசிரியர் சொன்னார். பக்கத்திலிருந்தவர்கள் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்தப் படம் நான் பிறந்து வளர்ந்த வீடு.

மயிலாப்பூரில் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை. ஒரு குடும்பம் வாழக் கட்டினதை அறை அறையாய்ப் பிரித்து ஆறு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவார்கள். ஒண்டுக் குடித்தனம் என்று அதற்குப் பெயர். எங்கள் பங்கு ஒரு அறையும், சமையலுக்கு ஒரு தடுப்பும். கிணறு பொது. கக்கூஸ் இரண்டு, காலையில் வாளியோடு வரிசை. அதைப் பரலோகம் என்று நான் சொல்ல வரவில்லை. குழாயடிச் சண்டையில் எங்கள் அம்மா அழுதுகொண்டு உள்ளே வந்த நாட்கள் உண்டு. வீட்டுக்காரர் கறி சமைக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் சித்தப்பா வீட்டுக்குப் போய்த்தான் பிரியாணி சாப்பிடுவோம். ஆனால் எனக்கு ஏழு வயதில் டைபாய்டு வந்தபோது எங்கள் அப்பா வேலையில் இருந்தார். என்னைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷா பிடித்து ஓடினது எதிர் அறை மாமா. நான் முனகின சத்தம் அவருக்குக் கேட்டது. சுவர் அவ்வளவு மெல்லிசு.

இதுதான் நான் சொல்ல வந்த காரியம். சிறிய வீட்டில் ஒருவர் சத்தம் இன்னொருவருக்குக் கேட்கும்.

இப்போது நாங்கள் இருப்பது 380 சதுர அடி. மாடி போர்ஷன். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். அப்பா இருந்தவரைக்கும் அவரும். 2017-ல் அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தது. ஹாலில் அவருக்குக் கட்டில். கீழே பாயில் நானும் பையனும். ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு அவர் தண்ணீர் செம்பைத் தட்டிவிட்டார். அவ்வளவுதான் சத்தம். பையன் எழுந்து, "அப்பா, தாத்தா ஒரு மாதிரி இருக்கார்" என்றான். இரண்டாவது தாக்கம். அரை மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் எங்களோடு இருந்தார். சுரேஷ் தம்பி என்று பேரனைக் கூப்பிடுவார், அது எங்கள் அண்ணன் பெயர், நாங்கள் திருத்தவில்லை.

நம் விசுவாசி சகோதரர் ஒருவர் தன் சாட்சியை எழுத அனுமதி கொடுத்தார். பெயர் வேண்டாம் என்றார். நாலு அறை உள்ள வீடு. வயதான தாயாருக்குப் பின்பக்கம் தனி அறை, தனி பாத்ரூம், தனி டிவி. எதிலும் குறை வைக்கவில்லை. ராத்திரி எல்லார் அறையிலும் ஏசி, எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். அம்மா பாத்ரூமில் விழுந்து கூப்பிட்டிருக்கிறார்கள். காலையில் காபி கொண்டுபோன மருமகள்தான் பார்த்தாள். அம்மா பிழைத்துக்கொண்டார்கள், ஸ்தோத்திரம். ஆனால் அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தை மகனை இன்னும் விடவில்லை. "உங்களக் குத்தம் சொல்லலப்பா. வீடு பெருசு, கேக்கல." அவர் என்னிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை நிறுத்தினார்.

இப்போது என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2013-ல் ஒரு குடும்பத்தாரின் புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கு ஜெபிக்கப் போனேன். வாசலில் ரிப்பன், உள்ளே பளபள என்று டைல்ஸ். அறை அறையாய் எண்ணெய் பூசி ஜெபித்தேன். ஐந்தாவது அறைக்கு வரும்போது என் வாய் ஆசீர்வதித்தது, என் மனசு அந்த அறையை அளந்தது. அயலான் வீட்டை இச்சிக்காதே என்ற கற்பனையை ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ண வைத்தவன் நான். அடுத்த மாதமே கூடுவாஞ்சேரியில் 1,150 சதுர அடி ஃபிளாட்டுக்கு 25,000 ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டு வந்தேன். மனைவியைக் கேட்கவில்லை.

அவள் சத்தம் போடவில்லை. ஒரு தாளை எடுத்தாள். எனக்குப் பகலில் தி.நகரில் கணக்கு எழுதும் வேலை. லஸ்ஸில் 12பி பிடித்தால், போக வர எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம். கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயில், நடை, காத்திருப்பு, சாயங்காலம் சபை வேலைக்கு மயிலாப்பூர், எல்லாம் சேர்த்தால் மூன்று மணி நேரம். இரண்டு மணி நேரம் கூடுதல். வருஷத்துக்கு 300 நாள் என்றால் 600 மணி. இருபத்தைந்து முழு நாள், ராத்திரியும் பகலும். "வருஷத்துல ஒரு மாசம் நீங்க ரயில்லயே இருக்கப் போறீங்க. பிள்ளைங்க அந்த மூணு ரூமுல இருக்கும், நீங்க இருக்க மாட்டீங்க" என்றாள். பிறகு, "ராத்திரி பத்து மணிக்கு ஜெபம் வேணும்னு யாராவது கதவத் தட்டினா, அங்க யாருங்க வருவா?" என்றாள். நான் ஒரு வாரம் அவளோடு சரியாய்ப் பேசவில்லை. டோக்கன் பணம் திரும்பி வரவில்லை. வரவில்லை என்பதைவிட, கேட்கவே எனக்கு வெட்கம்.

கணக்கு என்று வந்துவிட்டதால் அந்தத் தம்பிக்கு இன்னொரு கணக்கு. 50 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 43,391 ரூபாய். முதல் மாதம் கட்டும் பணத்தில் 35,417 வட்டிக்குப் போகும். அசலில் குறைவது எட்டாயிரத்துக்கும் கீழே. இருபது வருஷம் முடியும்போது கட்டினது ஒரு கோடியே நாலு லட்சம். அதே வட்டியில் 30 லட்சம் என்றால் தவணை 26,035. மாதம் 17,000-க்கு மேல் வித்தியாசம். அந்தப் பதினேழாயிரத்தில்தான் பிள்ளையின் காலேஜும், அம்மாவின் மாத்திரையும், வேலை போனால் ஆறு மாதம் தாங்கும் சேமிப்பும், காணிக்கையும் எல்லாம் இருக்கிறது. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று ஆண்டவர் கேட்டது (லூக்கா 14) வேறு காரியத்தைப் பற்றி என்றாலும், உட்கார்ந்து என்பதை நான் வீட்டுக் கடனுக்கும் எடுத்துக்கொள்கிறேன். நின்றுகொண்டே கையெழுத்துப் போடாதிருங்கள்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் ஒன்று கேளுங்கள். 1,000 சதுர அடி என்று விளம்பரத்தில் போடுவதில் சுவர், படிக்கட்டு, லிஃப்ட் எல்லாவற்றிலும் உங்கள் பங்கு சேர்ந்திருக்கலாம். கால் வைத்து நடக்கிற கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று கேளுங்கள். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் அதைத்தான் கணக்காக வைக்கச் சொல்லுகிறது. அப்புறம் சாமான். சதுர அடி 15,000 என்று வைத்தால், ஏழுக்கு மூன்றடி சோபா உட்கார்ந்திருக்கும் தரை மட்டும் 3,15,000 ரூபாய். அதில் நாம் உட்காருகிறோமா? துவைத்த துணியை மடிக்காமல் போட்டு வைக்கிறோம். எங்கள் வீட்டில் பாய், இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு பீரோ, தலைக்கு மேல் பரண். பரணில் ஏறின சாமான் ஒரு வருஷம் கீழே இறங்காவிட்டால் அதை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். என் பழைய ஹார்மோனியம் மட்டும் அந்தச் சட்டத்துக்கு விலக்கு.

கரண்டு பில்லிலும் தெரியும். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் போகப் போக யூனிட் விலை ஏறும். இரண்டு ஃபேன், மூன்று லைட் உள்ள வீடு எங்கே, அறைக்கு ஒரு ஏசி உள்ள வீடு எங்கே. சொத்து வரியும் பரப்பைப் பார்த்துத்தான். இதையெல்லாம்விட, 380 சதுர அடியைப் பெருக்கித் துடைக்க என் மனைவிக்கு இருபது நிமிஷம். பெரிய வீட்டுக்கு ஆசைப்படுகிற சகோதரரே, அதை யார் பெருக்குவது?

2015 டிசம்பர் 1, 2 தேதிகளை நம் சபை மறக்காது. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரை மீறினது. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் தரைத்தளம் மூழ்கினது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை பக்கமும் அப்படியே. கோட்டூர்புரத்திலிருந்து நம் விசுவாசி குடும்பங்கள் இரண்டு, ஏழு பேர், நனைந்த துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நாங்கள் ஐந்து பேர். 380 சதுர அடியில் பன்னிரண்டு பேர், நாலு ராத்திரி. கரண்டு இல்லை. ஆண்கள் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்தே தூங்கினோம். வந்தவர்களில் ஒரு அம்மா, "பாஸ்டர், இடம் இல்லாத வீட்டுக்கு வந்து தொந்தரவு பண்றோமே" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். அன்றைக்கு யோசித்தேன். எங்களைவிட மூன்று மடங்கு இடம் உள்ள வீடுகள் அவர்களுக்கு அறிமுகம் இல்லாமல் இல்லை. அங்கே போகக் கூச்சம். எங்கள் வீட்டில் ஏற்கெனவே தரையில்தான் படுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

குறைவுகள் இல்லையா? உண்டு. என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டிவர மாட்டாள். கேட்டால், "எங்கப்பா உட்கார வைக்கிறது?" என்பாள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு ஒரு கதவு வேண்டும். அதனால் இருக்கிற ஒரே அறையை அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் கொடுத்துவிட்டோம். என் பிரசங்கக் குறிப்பெல்லாம் மொட்டை மாடியில் தண்ணீர் டாங்கி நிழலில் எழுதினவை. கணவன் மனைவி கோபித்துக்கொண்டால் போய் உட்காரத் தனி அறை இல்லை. ஆகவே பத்து நிமிஷத்தில் ஒருவர் தண்ணீர் கேட்க வேண்டியிருக்கிறது, பேச்சு வந்துவிடுகிறது.

தனி ஜெபத்துக்குக் கதவைச் சாத்தச் சொன்னாரே ஆண்டவர் என்று சிலர் கேட்கிறார்கள். கதவு இல்லாதபோது அவரே மலைக்கும் வனாந்தரத்துக்கும் போனார். ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவள். ஜெபிக்கும்போது முன்றானைத் துணியைத் தலைமேல் போட்டுக்கொள்வாள், அப்போது பிள்ளைகள் கிட்டே வரமாட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. எங்கள் வீட்டில் என் மனைவி சமையலறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் அதே சட்டம்தான்.

ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாடம் தெரிந்துகொள்ளுகிற வசதி உள்ளவர்களுக்கு. வேறு வழியில்லாமல் ஒரே அறையில் ஏழு பேர் இருக்கிறவர்களிடம் போய் சிறிய வீடு ஆசீர்வாதம் என்று பிரசங்கிக்க எனக்கு வாய் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன்னே 2000-ம் ஆண்டிலிருந்து கண்ணகி நகருக்குக் கொண்டுபோனது போல. நம் சபைச் சகோதரி ஒருவர் அப்படிப் போனவர். அடையாறில் மூன்று வீடுகளில் வேலை. முன்னே குடிசையிலிருந்து நடந்தே போவார். கெட்டியான வீடு, கரண்டு, கக்கூஸ் எல்லாம் கிடைத்ததே என்று நான் சந்தோஷமாய்ச் சொன்னபோது, "வீடு நல்லாத்தான் இருக்கு பாஸ்டர். நான்தான் அதுல இருக்கறதில்ல" என்றார். விடியற்காலை பஸ், இருட்டின பிறகு பஸ். மூன்று வீட்டு வேலையில் ஒன்று போய்விட்டது. அவர் அழுதது அறை சிறிது என்று அல்ல, வேலையும் மனுஷரும் தூரமாய்ப் போனார்கள் என்று. அந்தச் சகோதரியை அரசாங்கம் தூரமாய்க் கொண்டுபோனது. என்னை நானே, 25,000 ரூபாய் கொடுத்து, தூரமாய்க் கொண்டுபோகப் பார்த்தேன்.

பவுல் ரோமாபுரியில் இரண்டு வருஷம் இருந்தது வாடகை வீடு. வந்தவர்கள் எல்லாரையும் அங்கேதான் ஏற்றுக்கொண்டார் (அப்போஸ்தலர் 28). அது எத்தனை சதுர அடி என்று லூக்கா எழுதவில்லை.

அந்தத் தம்பிக்கு: இந்த வாரம் மனைவியோடு வாருங்கள். தாளும் பேனாவும் கொண்டுவாருங்கள். கணக்கைப் பார்த்து, இரண்டு பேர் வேலைக்கும் எவ்வளவு தூரம், அம்மா அப்பா எங்கே இருக்கப்போகிறார்கள் என்று பேசி, அதன் பிறகும் அந்த வீடுதான் என்றால் நான் மனதார ஜெபிப்பேன், பிரதிஷ்டைக்கும் வருவேன். இந்தத் தடவை அறையை அளக்க மாட்டேன்.

இந்த மாத வீட்டு ஜெபக்கூட்டம் பற்றி. சபையில் மூத்த தாயார் ஒருவர், இடம் போதாது என்று சொல்லிப் பல வருஷமாய்த் தன் வீட்டில் கூட்டம் வேண்டாம் என்றிருந்தார்கள். பட்டினப்பாக்கம் குடியிருப்பில் இரண்டாவது மாடி. இந்தத் தடவை அவர்களே கேட்டிருக்கிறார்கள். வெள்ளி சாயங்காலம் ஏழு மணி. உள்ளே பத்துப் பேர் உட்காரலாம், மற்றவர்கள் வராந்தாவிலும் படியிலும் உட்காருங்கள். படி குறுகல், வயதானவர்கள் முதலில் ஏறட்டும். செருப்பைக் கீழேயே விட்டுவிடுங்கள். டீ போட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன், கேட்கமாட்டார்கள். ஆகவே டம்ளர் நம் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள்.